ட்ரக்கை இறக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

நம்மகிட்ட இருக்கிறது 2004 செவ்ரோலே சில்வராடோ 1500, ஃபோர் வீல் டிரைவ். இங்க அமெரிக்காவுல பனிக்காலத்துக்கு உதவும்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஊர்லேர்ந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, ஏணி எங்க?" மூட்டு வலி அவங்களுக்கு. சரி, முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிடுவோம்னு கிளம்பினேன்.

இந்த வண்டியில முன்னாடி சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார்னு பக்கத்துக்கு ஒரு நீளமான எஃகுக் கம்பி. அதோட ஒரு முனை சக்கரத்தைத் தாங்கற கீழ் ஆர்ம்ல இருக்கும். மறு முனை வண்டிக்கு அடியில ஒரு 'கீ'யில செருகியிருக்கும். சக்கரம் மேல எழும்பினா, ஈர வேட்டியைப் பிழியற மாதிரி கம்பி முறுக்கிக்கும். கீயை அழுத்திப் பிடிக்கிற போல்ட்டைத் தளர்த்தினா வண்டி இறங்கும். ஜாக் போட்டு, ஸ்டாண்ட் வச்சு, ரெண்டு பக்கமும் சமமா திருப்பினேன். அரை மணி நேரத்துல ஒன்றரை இன்ச் காலி. செலவு பூஜ்யம். ஒரே பெருமை!

போல்ட்டைத் தளர்த்தினா ஸ்பிரிங் மெத்துனு ஆயிடும்னு பல பேர் சொல்வாங்க. நானும் நம்பினேன். இன்ஜினியரிங் படிச்சவன் நம்பலாமா? கம்பியோட விறைப்பு அதோட நீளம், விட்டம், உலோகம் இந்த மூணையும் பொறுத்தது. போல்ட் இதுல எதையும் தொடறதில்ல. உயரத்தை மட்டும்தான் மாத்துது. உயரம் குறைஞ்சா ஆர்முக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியும் குறையும். சின்னப் பள்ளத்துல இறங்கினாலும் 'டொம்'. "மாட்டு வண்டியே தேவலாம்டா"ன்னு அம்மா முதுகைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அதோட விட்டுதா? இறக்கினதும் சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயும், டோவும் மாறும். அலைன்மென்ட் தண்டச் செலவுன்னு நான் விட்டுட்டேன். நாலே மாசத்துல முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மொட்டை!

என்னைக் கேட்டா, அந்த போல்ட் இருக்கிறது வயசாகித் தொங்கிப்போன வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டு வரத்தான். அழகுக்காக இறக்கியே தீருவேன்னா தாராளமா இறக்குங்க. ஆனா அலைன்மென்ட், பம்ப் ஸ்டாப் இடைவெளி, ஹெட்லைட் கோணம் மூணையும் அதே வேலையில சேர்த்துக்கோங்க. அதுக்குக் காசில்லைன்னா போல்ட் பக்கமே போகாதீங்க. டயர் மொட்டையானா மழையில பிரேக் பிடிக்கும்போது வழுக்கப் போறது நீங்க மட்டும் இல்ல, பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கிறவங்களும்தான்.

கடைசியில பழைய உயரத்துக்கே ஏத்தி, அலைன்மென்ட் பண்ணி, புது டயர் ரெண்டு மாட்டினேன். கதவுக்குக் கீழ ஒரு படியும் வச்சேன். கிட்டத்தட்ட ரெண்டடி ஏற வேண்டிய இடத்துல ஒன்றரை இன்ச் குறைச்சு என்ன கிழிச்சேன்னு அப்பதான் உறைச்சுது. அம்மா படியில கால் வச்சு சுலபமா ஏறி உட்கார்ந்துட்டு, "இதை முதல்லயே பண்ணியிருக்கலாமேடா"ன்னாங்க.

ஹி ஹி.

டிஸ்கி: முறுக்கில இருக்கிற கம்பி ஆளையே அடிச்சுடும். அதுக்கான கருவி இல்லாம கீயைக் கழட்டப் பார்க்காதீங்க.