எந்த வறட்சிக்கு எந்த விதை?

“வறட்சியைத் தாங்கும் விதை” என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வறட்சியை என்று எவரும் கேட்பதில்லை.

நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கும் பீன்ஸ் விதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இப்பயிர் இன்று ருவாண்டா, புருண்டி நாடுகளில் ஏழைகளின் முக்கியப் புரத உணவு. கொலம்பியாவின் பால்மிரா நகரருகே, 1967-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் இதை நெடுங்காலமாக ஆராய்கின்றனர். வேர் ஆழமாகச் சென்றால் போதும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் எடுத்த நீரையெல்லாம் இலையாகத் தழைத்துக் காட்டிவிட்டு, விதைக்கு ஒன்றும் அனுப்பாத செடி உழவனுக்கு எதற்கு? இலையிலும் தண்டிலும் சேர்த்ததைக் காய்க்கும், காயிலிருந்து விதைக்கும் கடத்தும் செடியே வறட்சியில் மகசூல் தருகிறது. (சில குடும்பத் தலைவர்களுக்கும் இது பொருந்தும், அது வேறு கட்டுரை!)

2015-இல் அம்மையம் வெப்பம் தாங்கும் 30 பீன்ஸ் வகைகளை அறிவித்தது. பாலைநிலத்து டெப்பாரி அவரையோடு கலந்து பெற்றவையும் அவற்றில் உண்டு. இரவு வெப்பம் மிகுந்தால் பீன்ஸின் மகரந்தம் மலடாகும், டெப்பாரி தாங்கும்.

பருவத்தின் கடைசியில் மழை நின்றுபோகும் ஊருக்கு, சீக்கிரம் விளைந்து தப்பும் வகை வேண்டும். நடுவில் மழை பொய்த்து மீண்டும் பெய்யும் ஊரில் அதே வகை பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். அங்கே காத்திருந்து மறுபடி பூக்கும் வகையே பிழைக்கும். ஒரே விதையை எல்லா மண்ணுக்கும் பரிந்துரைப்பது தவறு என்பது என் துணிபு.

நாம் மெண்டலின் பட்டாணியை மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்கிறோம். அதே 1866 கட்டுரையில் அவர் பீன்ஸ் கலப்பையும் எழுதியிருக்கிறார். அதன் பூநிறம் அந்த விகிதத்துக்கு அடங்கவில்லை. பல ஜீன்கள் சேர்ந்து ஆளும் வறட்சித் தாங்கலும் அடங்காது. வயலில் நட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மானாவாரிக் காட்டில் கொள்ளு விதைக்கும் அப்பா, “ஏம்ப்பா, உன் பொஸ்தகத்துல எது நல்ல வெதைன்னு போட்டிருக்கா?” என்கிறார். அவருடைய காட்டுக்கான விடை எந்தப் புத்தகத்திலும் இராது.

ஆகவே தாவரவியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்தின் பின்னே முள் மண்டிக் கிடக்கும் இடத்தை எங்களுக்குத் தாருங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கொள்ளில் ஒரு படி கொண்டுவருவோம். புரட்டாசியில் விதைத்து, எந்த ஊர் விதை எப்போது வாடுகிறது, எது மீள்கிறது, எத்தனை காய் தருகிறது என்று குறித்துவைப்போம். வேலைக்கு எங்கள் வகுப்பில் ஆளுண்டு. மண்வெட்டிதான் இரண்டே இரண்டு இருக்கிறது.