கிணற்று மேட்டில் எஞ்சினைப் பிரிக்கலாமா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் அங்கு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் இக்கோயில் அமைக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அது ஏழாம் நூற்றாண்டு. இன்று அதே வட்டாரத்தில் கிணற்றை நம்பி நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிக்கு இரும்பு இல்லாமல் ஒரு பாத்திகூட நனையாது. அந்த இரும்பு பழுதானால் அதை எங்கே, எப்போது, எப்படிப் பிரிப்பது என்பதில் நம் கிராமங்களில் காட்டப்படும் அலட்சியம் கவலை தருவதாக உள்ளது.

தமிழகத்தில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபின் ஆயில் எஞ்சினைப் பலர் ஓரம் கட்டினார்கள். ஆயினும் அது அடியோடு மறைந்துவிடவில்லை. மின் இணைப்புக்காகக் காத்திருப்பவர்கள், ஓடைத் தண்ணீரை இறைப்பவர்கள், மழைக்காலத்தில் வயலில் தேங்கிய நீரை வெளியேற்றுபவர்கள் ஆகியோரிடம் 5 குதிரைத் திறன் எஞ்சின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரட்டைச் சக்கரம் கொண்டு மெதுவாகச் சுற்றும் லிஸ்டர் மாதிரி எஞ்சின்களில் பல, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை.

இத்தகைய எஞ்சின் வழக்கமாக எப்படிப் பிரிக்கப்படுகிறது? பயிர் வாடும்போது எஞ்சின் நின்றுவிடும். விவசாயி சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போய் மெக்கானிக்கை அழைத்து வருவார். பொழுது சாயும் நேரம். கிணற்று மேட்டில், மண் தரையில், ஒரு ஸ்குரூ ஸ்பானரும் சுத்தியலும் உளியும் கொண்டு வேலை தொடங்கும். சூடு ஆறியிருக்காது. சக்கரத்துக்கு அண்டை இருக்காது. விளக்குப் பிடிக்கப் பள்ளிக்கூடம் செல்லும் பையன் ஒருவன் நிற்பான். விடிவதற்குள் தண்ணீர் பாய வேண்டும் என்பதே எல்லோருடைய நினைப்பும். விரல் நசுங்குவதும், கண்ணில் இரும்புத் துணுக்குப் பாய்வதும் இப்படிப்பட்ட வேளைகளில்தான். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில் வேலை செய்யச் சொன்னவர் எஞ்சின் உடையவர்தாம்.

முதலில் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் சுமை அதிகம் என்றோ, காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றோ, நாசில் சரியாகத் தூவவில்லை என்றோ பொருள். எஞ்சின் எடுக்கவே மறுத்தால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். குழாய் இணைப்பைச் சற்றே தளர்த்திக் காற்றை வெளியேற்றினால் போதும். இவற்றுக்கெல்லாம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்து, எஞ்சின் எண்ணெய் வேகமாகக் குறைந்து, கையால் சுற்றும்போது அழுத்தமும் இல்லாவிட்டால்தான் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று கருதலாம். அந்நிலையிலும் அன்று மாலையே பிரித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பிரிப்பது என்று முடிவானால் இடம் முக்கியம். கிணற்றுக்குள் இருக்கும் எஞ்சினை அங்கேயே வைத்துப் பிரிப்பது கூடவே கூடாது. பம்பு தண்ணீரை உறிஞ்சும் ஆழம் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுக்குள் திட்டு அமைத்து இறக்கும் பழக்கம் வந்தது. அங்கே பழுது பார்த்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்க்கும்போதுதான் எமன் வருகிறான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தங்கிவிடுகிறது. முதலில் தலை கனக்கும், கால் தளரும்; பிறகு ஏறி வரத் தெம்பு இராது. உள்ளே விளக்கை இறக்கிப் பார்த்து, அது எரிந்தால் பயமில்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விளக்கு அணைந்தால் பிராண வாயு குறைவு என்று தெரியும், அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு இருக்கும்போதும் விளக்கு எரியும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவதும் ஒரே குடும்பத்தில் பல உயிர்களைப் பறித்துவிடும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் சொல்லிவிட்டு மேலேயே நிற்பது கல்நெஞ்சம் அல்ல.

எஞ்சினை மேலே ஏற்றுவதற்கு நாலு பேரும் ஒரு வைக்கோல் கயிறும் போதாது. உறுதியான முக்காலியும் செயின் பிளாக்கும் வேண்டும். தூக்கும்போது அதன் அடியில் எவரும் நிற்கலாகாது. இதற்கு யாரிடம் வசதி இருக்கிறது என்ற கேள்வி நியாயமானதே. டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாடகைக்குக் கிடைக்கும் இக்காலத்தில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒரு செயின் பிளாக், ஒரு சக்கர புல்லர், ஒரு செட் ரிங் ஸ்பானர் வாங்கி நாள் வாடகைக்கு விடுவது பெரிய காரியமல்ல. ஊரில் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்தும் வாங்கலாம். பெரிய இயந்திரங்களுக்கு மானியம் பற்றிப் பேசும் அளவுக்கு, அவற்றைக் கழற்றும் கருவிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் சூடாக இருக்கும்போது குழாயைக் கழற்றினால் கை வெந்துவிடும். டீசல் குழாயை மூடி, பெல்ட்டை எடுத்து, ஹாண்டிலையும் கழற்றி அப்பால் வைத்துவிட வேண்டும். டீசல் திறந்திருந்தால், சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்க்கும்போதே ஒரு முறை எரிந்து உதைத்துவிடக்கூடும். பிறகு இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டையால் அண்டை கொடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே கையை விட்டு நட்டைத் தடவிக்கொண்டிருக்க, இன்னொருவர் சக்கரத்தில் சாய்ந்தால் போதும், விரல் போய்விடும். விளக்குப் பிடிக்கும் பையனைச் சக்கரத்தின் அருகே விடக்கூடாது என்பது இதனால்தான். பவர் வீடர் போன்ற பெட்ரோல் எஞ்சின்களில் இதே காரணத்துக்காக முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே முரட்டு வேலை. ஓர் ஆளின் எடைக்குக் குறையாத அந்த இரும்பை அச்சில் பிடித்து வைத்திருப்பது சாவி எனப்படும் சிறு ஆப்புதான். பல ஆண்டுகள் துருப்பிடித்த சாவியைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது எஃகு சிதறுகிறது. ஒரு கண்ணாடி வாங்கும் செலவுக்குப் பார்த்து ஒரு கண்ணை இழப்பது என்ன சிக்கனம்? முதல் நாளே மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு ஊறவைத்து, புல்லர் போட்டு இழுப்பதே முறை. சாவி வெளிவந்ததும் சக்கரம் தானே வழுக்கி வரலாம். ஆகவே அதன் அடியில் பலகை அடுக்கி, இரண்டு பேர் இருந்து இறக்க வேண்டும். கூலியை மிச்சப்படுத்த ஒருவரையே வைத்து இதைச் செய்விப்பது தவறு.

நாசிலைச் சோதிக்கும் முறையும் மாற வேண்டும். நாசிலை வெளியே கழற்றி, கையை முன்னால் நீட்டித் தூவல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் டயரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் இருக்கும். நாசிலிலிருந்து டீசல் பீறிடும் அழுத்தமோ 100 கிலோவுக்கு மேலும் போகும். அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்றிருக்கலாகாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மற்றவை பொறுமையைப் பொறுத்தவை. ஹெட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாக முழுவதும் கழற்றாமல், குறுக்கு மறுக்காக அரைத் திருகு வீதம் தளர்த்தினால் ஹெட் கோணாது. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் முகத்தை நோக்கித் தெறிக்கும். கழற்றிய உறுப்புகளைச் சுத்தமான கோணியில் கழற்றிய வரிசையிலேயே வைத்து, கனெக்டிங் ராடின் மூடி எந்தப் பக்கம் இருந்தது என்று அடையாளம் செய்துகொள்ள வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் நல்லதே. கழுவுவதற்குப் பெட்ரோல் ஆகாது. மண்ணெண்ணெயில் கழுவும்போதும் பக்கத்தில் பீடி கூடாது. கழிவு எண்ணெயைக் கிணற்று ஓரத்தில் ஊற்றுவோர், மறுநாள் அதே கிணற்றில்தான் குடிக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறவைக்கு வேலை குறைவு. அப்போதுதான் எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூரையின் கீழ், பகல் வெளிச்சத்தில், நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்கழிப் பட்டத்து மணிலாவுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது அது தயாராக இருக்கும். வெள்ளத்திலிருந்தும் தப்பும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் வயலில் விடப்பட்ட எஞ்சின் மூழ்காமல் என்ன செய்யும்?

மூழ்கிய எஞ்சினை வெள்ளம் வடிந்ததும் சுற்றிப் பார்ப்பதுதான் பெருந்தவறு. காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹாண்டில் திருப்பி அடித்துக் கையையும் முறிக்கும். முதலில் நாசிலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்லக் கையால் திருப்பினால் தண்ணீர் அந்தத் துளை வழியே வந்துவிடும். எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் முழுவதும் வடித்துவிட வேண்டும். டீசல் தொட்டியையும் காற்று வடிகட்டியையும் அவ்வாறே சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் சிறிது புது எண்ணெய் விட்டு, சக்கரத்தை நாலைந்து சுற்றுத் திருப்பி வைத்தால், மெக்கானிக் வந்து சேரும் வரை லைனர் துருப்பிடிக்காமல் இருக்கும்.