தெருவுக்கொரு காவல்



1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த படமொன்று உண்டு. கூட்டமே நாஜி வணக்கத்துக்குக் கை நீட்ட, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கிறார். துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு அந்தத் தொழிலாளி அந்நியரல்லர். இப்படத்தை வைத்திருந்ததற்காக 2019இல் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. வெறுப்பை எதிர்த்தவரின் படமே வெறுப்பாயிற்றாம்!

சினமுற்ற நம் நாட்டவர் பலர் அந்த நவம்பரில் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். ஓய்கன் ரோச்கோ என்பவர் 2016இல் தொடங்கியது அது. அங்கே எல்லாரையும் ஆளும் ஒரே முதலாளி இல்லை. பல வழங்கிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், தனி விதிகள். மாத்தூர்த் தெருக்களைப் போல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போக்குவரத்து உண்டு, தகாத தெருவுக்கு வாசலை அடைக்கவும் செய்யலாம். வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் தளம் 2019 ஜூலையில் இம்மென்பொருளுக்கு மாறியபோது, பல வழங்கிகள் தாமாகவே அதன் தொடர்பை அறுத்தன.

ஆயினும் எனக்கோர் ஐயம். பிறர் ஏச்சுகளையெல்லாம் படித்து நீக்கும் பொறுப்பாளர் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர். அவர் சோர்ந்தால்? அவரே ஒருபக்கம் சாய்ந்தால்? வேறு வழங்கிக்கு மாறலாம். பின்தொடர்வோரும் உடன் வருவர். நாம் எழுதியவை மட்டும் வாரா. அப்படியிருந்தும், முகம் தெரியாத முதலாளியைவிடக் கேள்வி கேட்க முடிந்த பொறுப்பாளரையே நான் விரும்புவேன். கணக்குத் தொடங்குமுன் எந்தப் படம் வைப்பதென்று அரைமணி யோசிக்கிறோமே, அதில் ஐந்து நிமிடம் அவ்விடத்து விதிகளைப் படிக்கலாகாதா?