ஆபத்தில் ஒலிக்கும் குரல்



மலை மாதேசுவரன் மலைப் பகுதியில், காவிரிக்கு அண்மையில், காடு சூழ அமைந்த சிற்றூர் கோபிநத்தம். முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பிழைப்பை நாடி வெளியேறிய நம்மில் பலருடைய பெற்றோரும் இத்தகைய ஒதுக்குப்புற ஊர்களிலேயே இருக்கின்றனர். பெருமழையில் மின்சாரம் அற்று, தொலைபேசியும் ஓய்ந்துவிட்டால், "அவர்கள் நலமா?" என்னும் வினாவுக்கு விடை பகர்வார் யார்?

2004 டிசம்பர் 26-இல் இவ்வினாவை ஆயிரக்கணக்கானோர் எழுப்பினர். சுமத்திராவை அடுத்த கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் பொங்கிய ஆழிப்பேரலை, நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் சூறையாடிற்று. தீவுகளில் தமிழர் பலர் வாழ்கின்றனர். தொலைபேசித் தொடர்போ அறுந்துபோயிற்று.

அவ்வேளையில் போர்ட் பிளேரில் ஒரு சிறு குழு தங்கியிருந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அதன் தலைவி. உலகெங்குமுள்ள 'ஹாம்' அன்பர்களோடு உரையாடி மகிழவே, நீண்ட காலத்துக்குப் பின் கிடைத்த அரசு இசைவுடன், அவர்கள் அங்கே நிலையம் அமைத்திருந்தனர். அலை அடித்ததும் அம்மையார் அந்த விளையாட்டை நிறுத்தினார். அதே கருவியைக் கொண்டு, தீவில் இருப்போரின் நலச்செய்திகளைத் தாயகத்துக்கு அனுப்பலானார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சிற்றலைகள் வானின் மேலடுக்கில் மின்னூட்டம் பெற்ற காற்றுமண்டலத்தில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவில் வந்து இறங்குகின்றன. இடையே கம்பியும் வேண்டா, கோபுரமும் வேண்டா; ஒரு மின்கலமும், நீளக் கட்டிய ஒரு கம்பி வானலை வாங்கியும் போதும்.

ஆயினும், கருவி மட்டும் பேசாது. பழகிய கை வேண்டும். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரலைப் பிரித்தறியும் செவியும், பெயரையும் ஊரையும் பிழையின்றிக் குறிக்கும் பொறுமையும் அமைதிக் காலத்திலேயே வர வேண்டியவை. வெள்ளம் வந்தபின் நீச்சல் பயில இயலுமா? பொழுதுபோக்கு என்று நாம் எளிதாக எண்ணுவதே அன்று உயிர்த்துணையாயிற்று.

நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர், அரசு நடத்தும் தேர்வில் தேறி, அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். நம் சங்கத்து இளைஞர் சிலரேனும் இதனைக் கற்பாராக. ஊருக்குப் பணம் அனுப்புதல் நன்று. தொடர்பற்ற நாளில் ஊரின் குரலைக் கேட்டுச் சொல்ல வல்லவராதல் அதனினும் நன்று.