மீன் தொட்டி சத்தமும், என் அவசர புத்தியும்!



எனக்கு வயது 37. சிதம்பரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை படித்து, கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் சிப்காட் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஒரே மகன், ஐந்தாவது படிக்கிறான். மாமியாரும் எங்களுடன்தான். மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம்.

'மீன் தொட்டி சத்தம் போடுவதெல்லாம் ஒரு விஷயமா, அதற்கு ஒரு கடிதமா' என்று சிரித்து விடாதீர்கள். அந்தச் சத்தத்தால் என் வீட்டில் நாலு உயிர் போயிற்று. கீழ் வீட்டோடு பேச்சு வார்த்தை நின்றது. பெற்ற பிள்ளை ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் மகனின் பிறந்த நாளுக்கு, சிதம்பரத்திலிருந்து என் தம்பி ஒரு இரண்டடி மீன் தொட்டியும், எட்டு கோல்டு பிஷ்ஷும் வாங்கி வந்தான். தாய்மாமன் சீர் என்று மகனுக்கு ஒரே பெருமை. ஹாலில் மர அலமாரி மேல் தொட்டியை வைத்து, பக்கத்திலேயே காற்று விடும் ஏர் பம்ப்பையும் வைத்தோம். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும்தான் ஆரம்பித்தது, 'கிர்ர்ர்' என்று.

அலமாரிக்குப் பின்சுவரை ஒட்டித்தான் மாமியாரின் கட்டில். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். "ஏம்மா, தலைக்குள்ள வண்டு பறக்குற மாதிரி இருக்குது, கண்ணை மூட முடியல" என்பார். கணவரிடம் சொன்னால், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, உங்க ரெண்டு பேருக்கும்தான் கேக்குது" என்று திரும்பிப் படுத்துக் கொள்வார். நாலாம் நாள் கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்து, "ராத்திரியெல்லாம் மேலே என்ன மாவு மில் ஓடுதா?" என்று கேட்டு விட்டார். எனக்கும் ரோஷம் வந்தது. "உங்க தண்ணி மோட்டார் காலையில நாலரை மணிக்குக் கத்துதே, அதை நாங்க கேட்டோமா?" என்றேன். அதோடு முகம் கொடுத்துப் பேசுவது நின்றது.

நான் கண்ட வழி, ராத்திரி பத்து மணிக்கு பம்ப்பை அணைப்பது, காலையில் எழுந்ததும் போடுவது. வீடே நிம்மதியானது. எனக்குப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. மே மாதம் வந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. நாலு மீன் மல்லாந்து கிடந்தன. மகன் ஓடி வந்து பார்த்து விட்டு, "அம்மா, நீதானே அணைச்சே?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் விஷயம் தெரிந்து கொண்டேன். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் பிராண வாயு குறையும். தொட்டியில் செடி வைத்திருந்தாலும், ராத்திரியில் அதுவும் வாயுவை எடுத்துக் கொள்ளுமே தவிர கொடுக்காது. இரண்டடித் தொட்டிக்கு எட்டு மீன் என்பதே அதிகம். இதில் காற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும்? கழுத்தை நெரித்தது போலத்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் எங்கள் ஊர். மோட்டார் நின்றால் என்ன பாடு என்று தெரிந்த நானே, ஒரு சுவிட்சைச் சாதாரணமாக நினைத்து விட்டேன்.

பள்ளி லீவில் சிதம்பரம் போனபோது, தம்பி எங்களை மீன் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டுக் கோபப்படவில்லை. "பம்ப்பு கையில எடுத்துப் பாத்தியாம்மா?" என்றார். ஓடும் பம்ப்பை ஈரமில்லாத கையால் அலமாரியை விட்டுத் தூக்க வேண்டும். சத்தம் குறைந்தால் குற்றம் பம்ப்பில் இல்லை, அதைத் தாங்கும் பலகையில் என்றார்.

பம்ப்புக்குள் ஒரு காந்தமும் ரப்பர் பையும் இருக்கின்றன. நம் வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று வருகிறது. அந்த வேகத்தில் காந்தக் கை ஆடி, ரப்பர் பையை அமுக்கிக் காற்றைத் தள்ளுகிறது. இந்த அதிர்வு அலமாரியில் இறங்கினால், வீணைத் தந்தியின் நாதத்தைக் குடம் பெரிதாக்குவது போல், காலி அலமாரி அதைப் பெரிதாக்கி விடும். சுவரில் ஒட்டியிருந்தால் அடுத்த அறைக்கும் போகும். எங்கள் வீட்டில் அலமாரியின் பின்பக்கம் மாமியார் தலை. கால் தரையில், தரைக்குக் கீழே அக்கா வீடு. போதாதா!

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் செய்தேன். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளினேன். அதன் கால்களுக்குப் பழைய ஹவாய் செருப்பை வெட்டி வைத்தேன். பம்ப்பைக் கனமான ஸ்பாஞ்ச் துண்டின் மேல், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்தேன். கீழே வைத்தால், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே பம்ப்புக்குள் இறங்கி விடும். மேலே வைக்க இடம் இல்லாதவர்கள், டியூப்பில் ஒரு சின்ன 'நான் ரிட்டர்ன் வால்வு' மாட்ட வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது என்று பம்ப்பைத் துணியில் சுற்றுவதும், டப்பாவில் அடைப்பதும் வேண்டாம். சூடேறிப் போகும்.

அடுத்தது, தண்ணீருக்குள் கிடக்கும் காற்றுக் கல். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கல்லில் வெள்ளையாகப் படிந்து துவாரம் அடைத்திருந்தது. காற்று வெளியேற முடியாமல் பம்ப் முக்குகிறது, அதனால்தான் இரைகிறது. புதுக் கல் போட்டதும் பாதிச் சத்தம் போயிற்று. சிலர் குமிழி அதிகம் வருகிறது என்று டியூப்பை மடக்கிக் கட்டுவார்கள். நானும் செய்தேன். அது தவறு. அதனால் சத்தம்தான் கூடும், ரப்பர் பையும் சீக்கிரம் கிழியும். உபரிக் காற்றை இன்னொரு வழியில் வெளியே விட வேண்டும்.

பில்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் வற்றி மட்டம் இறங்கினால், அது மேலிருந்து 'சளசள' என்று விழும். தண்ணீரை நிரப்பி விட்டால் அடங்கும். 'கடகட' என்றால் உள்ளே சுழலும் விசிறியில் மணலோ முடியோ சிக்கியிருக்கும், எடுத்துக் கழுவுங்கள். எதற்கும் தொட்டியில் கை விடுமுன், பிளக்கையே பிடுங்கி விடுங்கள்.

இந்தச் சத்தம் மீனுக்கும்தான் கேட்கும். கோல்டு பிஷ்ஷுக்கு வெளியே காது தெரியாதே தவிர உள்ளே உண்டு. வயிற்றுக் காற்றுப்பையில் படும் ஒலி, சின்னச் சின்ன எலும்புகள் வழியே காதுக்குப் போகிறது. 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோல்டு பிஷ்களைப் பலத்த இரைச்சலில் வைத்துப் பார்த்தபோது, அவற்றின் கேட்கும் சக்தியே குறைந்து போனதாம். என் மகன் இப்போது தொட்டிக் கண்ணாடியை யாரையும் தட்ட விடுவதில்லை.

பம்ப் அடங்கியதும், கீழ் வீட்டு மோட்டார் நினைவுக்கு வந்தது. நானே இறங்கிப் போய், "அக்கா, எங்க சத்தத்தைச் சரி பண்ணிட்டேன், இனிமே இருந்தா சொல்லுங்க" என்றேன். அவரும் இளகினார். பிளம்பர் வந்து பார்த்தார். மோட்டார் சிமென்ட் மேடையில் நேராக உட்கார்ந்திருந்தது. மேலே போகும் குழாயின் கிளாம்ப் இரண்டு கழன்று, குழாய் சுவரில் அடித்துக் கொண்டிருந்தது. மோட்டாருக்கு அடியில் கனமான ரப்பர் கட்டை, கிளாம்ப்புக்குள் பழைய சைக்கிள் டியூப் துண்டு, இவ்வளவுதான் வைத்தியம். தண்ணீர் ஏற்றும் நேரத்தையும் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொண்டார்.

குழாயை மூடும்போது 'டங்' என்று சுவர் அதிருமே, அது பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஓடுகிற பஸ் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிற மாதிரி, ஓடி வரும் தண்ணீர் சட்டென்று தடுக்கப்பட்டதும் மோதுகிறது. மெதுவாக மூடினால் அடி குறையும். கக்கூஸ் தொட்டியில் 'உஸ்ஸ்' என்ற சத்தம் நிற்கவே இல்லையென்றால், மிதவையோ வாஷரோ போய்த் தண்ணீர் வீணாகிறது என்று அர்த்தம். மோட்டார் சுற்றாமல் வெறுமே உறுமினால் உடனே நிறுத்துங்கள், காயில் கருகி விடும். சத்தம் என்பது பல சமயம் வீடு நமக்குச் சொல்லும் சேதி. அதைக் காதில் வாங்காவிட்டால் செலவுதான்.

இரைச்சல் பற்றி 2000-ம் வருஷம் மத்திய அரசு விதி போட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்பது விதி. படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் ஓயாத சத்தம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்னது. காதோடு காதாகப் பேசும் அளவுதான் அது. மீன் தொட்டிக்குப் போலீஸ் வரப் போவதில்லை. ஆனால், 'சின்னச் சத்தம்தானே' என்று தள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் எங்கள் வீடு மேல வீதிக்குப் பக்கம். விடியற்காலை நடராஜர் கோவில் மணிச் சத்தத்தில் ஒரு நாளும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. மணி அடித்து ஓய்ந்து விடும். ஓயாத சின்னச் சத்தம்தான் மனுஷரை அரிக்கிறது. அதையும் இருபத்து நாலு மணி நேரமும் அனுபவிப்பது யார்? வீட்டில் கிடக்கும் பெண்களும் வயசானவர்களும்தான். கடையில் மோட்டாரோ, மிக்சியோ, பம்ப்போ வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், கியாரண்டியைக் கேட்கிறோம். "ஓட விட்டுக் காட்டுங்க" என்று கேட்கிறோமா? அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். 'உனக்குத்தான் கேக்குது' என்று யாராவது சொன்னால், கேட்காதது அவர்கள் காதின் குறை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மிச்சம் நாலு மீன்கள் நன்றாக இருக்கின்றன. பம்ப் ராத்திரியும் ஓடுகிறது. மாமியார் தூங்குகிறார். கீழ் வீட்டு அக்கா கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்புக்கும் குறைவில்லை. ஆனாலும், பத்து மணி ஆனால் என் கை அந்த சுவிட்ச் பக்கம் போனால், மகன் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அந்தப் பார்வை மாற எத்தனை நாள் ஆகுமோ!

சத்தம் தொந்தரவு என்றால் அணைக்க ஓடாதீர்கள் சகோதரிகளே. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தொட்டுப் பாருங்கள். மீன் தொட்டிக்கு மட்டுமல்ல, குடும்பத்தில் வருகிற சத்தத்துக்கும் இது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்.