வட்டமடிக்க ஒரு மைதானம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பால் வாங்கப் போனவன், தெருக்கோடியில் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய சாலையில் கறுப்பு கறுப்பாக நாலைந்து வளையங்கள். இரவில் யாரோ கோலம் போட்டுவிட்டுப் போனதுபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ரப்பர் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. பால்காரர் தம் சைக்கிளின் நெளிந்த பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு அடி தள்ளி நின்னிருந்தா உங்களுக்கு இன்னிக்குப் பால் கிடையாது சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது. ஓடுகிற காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வாலை வீசிச் சுழற்றுகிற இந்த விளையாட்டுக்கு 'டிரிஃப்டிங்' என்று பெயராம். விளையாடுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. நானும் கையெழுத்துப் போட்டேன். வீடு திரும்பும் வழியில், தீர்மானத்தை முன்மொழிந்தவர் வீட்டு வாசலில் நின்ற பழைய கான்டெஸாவைப் பார்த்தேன். அதன் பின் டயர்கள் இரண்டும் மொட்டையாக இருந்தன. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பையனிடம் சொன்னேன். திட்டித் தீர்த்தேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சரி அங்கிள், இதை எங்கே போய்க் கத்துக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. தீர்மானத்திலும் இல்லை. பாதி நியாயத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பாதி நியாயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. வீதி எல்லோருக்கும் பொது. அதில் வித்தை காட்டுகிறவன் குற்றவாளிதான். சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கு மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஓட்டியவன் பதினெட்டு நிரம்பாதவனானால், தகப்பனாரே மூன்று வருஷம்வரை கம்பி எண்ண நேரலாம். தாம்பரத்துக்கென்று 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனரகமும் இருக்கிறது.

ஆனால் அந்த 189ஆம் பிரிவை முழுவதும் படியுங்கள். பந்தயமே கூடாது என்று அது சொல்லவில்லை. மாநில அரசின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் கூடாது என்றுதான் சொல்லுகிறது. தடை எழுதியவனே வாசலையும் வைத்துத்தான் எழுதியிருக்கிறான். அந்த வாசலை நாம் என்றைக்காவது தட்டிப் பார்த்தோமா?

"இதெல்லாம் வெளிநாட்டுப் பைத்தியம்" என்று சொல்லுகிறவர்களுக்கு நம் ஊர்ச் சரித்திரமே தெரியவில்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் பத்து வருஷம் அங்கே ஹெரால்டு கார் உருவாயிற்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1949இல் ஆரம்பித்த நாளிலிருந்து மோட்டார்ப் பொறியியல் சொல்லிக் கொடுக்கிறது. வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில், பல வருஷம் ஜனங்கள் திரண்டு போய்க் கார் பந்தயம் பார்த்தார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே வந்துவிட்டது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவர்: 2005இல் நரேன் கார்த்திகேயன், 2010இல் கருண் சந்தோக். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்தாம். இந்தப் பைத்தியம் நமக்கு அந்நியமானது அல்ல, ஐயா!

எங்கள் பேட்டையில் ஹெரால்டு காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் விசாரித்தேன். "பின்சக்கரம் தள்ற வண்டியிலே, தள்ளு ஜாஸ்தியாச்சுன்னா சக்கரம் பிடியை விட்டுடும், வால் ஓடும். எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கை ஒடிக்கணும் தம்பி. பயந்து பிரேக்கை மிதிச்சான்னா தொலைஞ்சான்" என்றார். மழை நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி வழுக்கும்போது, ஓட்டுகிறவன் உயிரைக் காப்பதும் இதே வித்தைதான். லைசன்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்டிய நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜப்பானிலும் இது மலைச் சாலைகளில் திருட்டுத்தனமாகத்தான் வளர்ந்தது. அதன் பிதாமகராகிய கெய்ச்சி சுச்சியாவின் லைசன்ஸையே ஒரு சமயம் முடக்கினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. தடம் கொடுத்தார்கள், நடுவரை உட்கார வைத்தார்கள். 2017இல் சர்வதேச மோட்டார் சம்மேளனமே டோக்கியோவில் டிரிஃப்டிங் கோப்பை நடத்தியது.

"இருங்காட்டுக்கோட்டைதான் இருக்கிறதே!" என்பார்கள். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு 3.7 கிலோமீட்டர்ப் பந்தயத் தடம் எதற்கு? நீச்சல் பழக வந்தவனை நடுக்கடலுக்கா அழைத்துப் போவது? அவனுக்கு வேண்டியது தட்டையான ஒரு சிமெண்டுக் களம், சுற்றிலும் பழைய டயர் அடுக்கு, ஒரு லாரித் தண்ணீர். ஈரத் தரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே வால் வீசும். டயரும் தேயாது, உயிரும் போகாது.

"குடிக்கவே தண்ணீர் இல்லாத புறநகரில் இது ஒரு கேடா?" என்று அடுத்த கேள்வி வரும். வாஸ்தவமான கேள்வி. குடிநீரை யார் கேட்டார்கள்? சுத்திகரித்த சாக்கடை நீர் போதும். 2024இல் தீவுத்திடலைச் சுற்றியிருக்கிற நகரச் சாலைகளை அடைத்து, இரவை விளக்கால் பகலாக்கி, அரசே முன்னின்று ஃபார்முலா ஃபோர் பந்தயம் நடத்தியதே! பார்ப்பதற்கு இரண்டு நாள் சாலையை அடைக்கலாம். பழகுவதற்கு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு களத்தைத் திறக்கக் கூடாதா? ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்துக்குச் சோதனைத் தடங்கள் இருக்கின்றன. மோட்டார்த் தொழிலால் பிழைக்கிற வட்டாரம் இது. கேட்டால் ஓர் இடம் அகப்படாமலா போகும்?

இனி, தம்பிகளே, உங்களுக்கு. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி, புகை கிளப்பி, செல்போனில் படம் பிடித்துப் போட்டால் சங்கம் ஆகிவிடாது. தலைக்கவசம் இல்லாதவனைக் களத்தில் இறக்காமலிருப்பது சங்கம். தீயணைக்கும் கருவியோடு ஒருவனும், ஆம்புலன்ஸ் ஒன்றும் தயாராக நின்ற பிறகே முதல் சாவியைத் திருகுவது சங்கம். வீதியில் வட்டமடித்தவன் எவ்வளவு பெரிய சூரனானாலும், அடுத்த ஞாயிறு அவனை வாசலோடு திருப்பி அனுப்புவது சங்கம். இதைச் செய்யுங்கள். பதிவு செய்துகொண்டு, மனுவோடு மாநகராட்சி வாசலுக்கு வாருங்கள். முன்னால் நான் நிற்கிறேன்.

ஆனால் மனுவுக்கு முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. பால்காரரின் சக்கரம் இன்னும் நெளிந்தபடியேதான் இருக்கிறது. கான்டெஸாப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டு வரட்டும். மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது, இரண்டாவது என்னுடையது.