சொடுக்குக்குப் பின் வரும் 20 நிமிடம்

கழுத்து வலி என்று வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் நோயைச் சொல்வதற்கு முன்பே சிகிச்சையைச் சொல்லிவிடுகிறார்கள். "ஒரு சொடுக்கு எடுத்துவிடுங்க சார், நரம்பு ரிலீஸ் ஆயிடும்." எல்லாம் கைப்பேசிக் காணொளிகளின் உபயம். கழுத்தருகே மைக்கை வைத்துத் தலையைத் திருப்பி, 'டக்' என்ற ஒலியைப் பெரிதாக்கிக் காட்டும் காணொளிகள் கணக்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நோயாளி அப்படிக் கேட்பதில் குற்றமில்லை. அதே வாக்கியத்தைப் பிசியோதெரபிஸ்டுகளான நம்மவர்களும் சிகிச்சை அறையில் திருப்பிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த உரை அதைப் பற்றியது.

கைரோபிராக்டிக் முறையில் கழுத்து மூட்டை வேகமாக, குறைந்த தூரம் உந்தும்போது (மேனிபுலேஷன்) நரம்பு மண்டலத்தில் மாற்றம் ஏற்படுகிறதா? ஏற்படுகிறது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அளந்து கண்டது வேறு, நாம் நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பது வேறு.

நாம் சொல்லிக்கொண்டிருப்பது 1895-இல் பிறந்த கதை. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில், டி.டி. பாமர் என்ற காந்த சிகிச்சைக்காரர், தன் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு முள்ளை அழுத்தினார். பல ஆண்டுகளாகக் கேட்காமலிருந்த காது கேட்டது என்றார். எலும்பு இடம் விலகி நரம்பை அடைப்பதே பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்ற கொள்கை இதிலிருந்து கிளம்பியது. கேட்கும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டைச் சேர்ந்துவிடுகிறது. முதுகெலும்பு வழியாக அது போவதே இல்லை. முதலாம் ஆண்டு உடற்கூறியல் படித்த மாணவருக்கும் இது தெரியும். கைரோபிராக்டிக் துறையே இந்தக் கொள்கையிலிருந்து மெல்ல விலகிவருகிறது. பிரிட்டனில் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சில், இது வரலாற்றுக் கருத்து மட்டுமே, நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று 2010-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. பிறந்த வீட்டில் கைவிடப்பட்டுவரும் கதையை நம் ஊர் சிகிச்சை அறைகளில் ஏன் தத்தெடுத்து வளர்க்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

அளந்து கண்டவற்றுக்கு வருவோம். நியூசிலாந்தின் ஹைடி ஹாவிக், கனடாவின் பெர்னடெட் மர்ஃபியுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. அடிக்கடி கழுத்துப் பிடிப்போ வலியோ வந்துபோகிற, ஆனால் ஆய்வு நாளில் கடும் தொந்தரவு ஏதும் இல்லாத 12 பேர். மணிக்கட்டில் மீடியன் நரம்பை மின்சாரத்தால் தூண்டி, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக மூளையில் எழும் அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒருமுறை கழுத்து மேனிபுலேஷன் செய்த பிறகு என்20, என்30 என்ற இரண்டு அலைகளின் உயரம் குறைந்தது. தலையை வெறுமனே அசைத்தபோது அப்படிக் குறையவில்லை. உணர்வுச் செய்தியை இயக்கத்தோடு பொருத்தும் வேலை மூளையில் தற்காலிகமாக மாறுகிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். நல்ல ஆய்வுதான். அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருக்கிறது: அந்த மாற்றம் சராசரியாக 20 நிமிடம் நீடித்தது.

12 பேர், ஓர் அமர்வு, 20 நிமிடம். வலி குறைந்ததா என்பது அங்கே கேள்வியே அல்ல. அலையின் உயரம் குறைவது நல்லதா கெட்டதா என்பதும் தனியே நிறுவப்பட வேண்டிய ஒன்று. அந்த ஆய்வாளர்கள் இந்த வரம்புகளுக்குள் நின்றுதான் பேசினார்கள். விளம்பரப் பலகைக்கு வந்து சேரும்போது அது 'மூளையைச் சீரமைக்கும் சிகிச்சை' ஆகிவிடுகிறது.

இது எப்படி நடக்கக்கூடும் என்பதற்கு உடற்கூறியலில் நியாயமான அடிப்படை உண்டு. மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளில் ஸ்பிண்டில்கள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற செய்தி அங்கிருந்துதான் கண்ணுக்கும் உட்காதுக்கும் இணையாக மூளைக்குப் போகிறது. மயக்க நிலையில் இருந்த பூனைகளின் இடுப்பு முதுகெலும்பில் ஜோயல் பிக்கர் குழுவினர் செய்த சோதனைகளில், மேனிபுலேஷனுக்கு ஒப்பான குறுகிய, வேகமான உந்தலின்போது ஸ்பிண்டில்கள் மெதுவான அழுத்தத்தின்போது இருந்ததைவிட அதிகமாகத் துடித்தன. கழுத்திலும் இதைப் போன்ற ஒரு செய்தி வெள்ளம் தண்டுவடத்துக்குப் போகிறது என்று கொள்வது பொருத்தமானதே. நாள்பட்ட வலியால் மங்கிப்போன உணர்வுச் செய்திகள் அந்த நேரத்தில் கொஞ்சம் தெளிவடையலாம், அதுவரை ஒப்புக்கொள்ளலாம். இதில் எங்கேயும் ஓர் எலும்பு தன் இடத்துக்குத் திரும்பவில்லை, ஒரு நரம்பு விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேக்ரோஇலியாக் மூட்டில் டுல்பெர்க் குழுவினர் 1998-இல் துல்லியமான எக்ஸ்ரே முறையில் முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். கைக்கு 'சரியாகிவிட்டது' என்று பட்ட மூட்டும் படத்தில் இடம் மாறவே இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். இந்த விளைவுக்குச் சொடுக்கு அவசியமா? குவீன்ஸ்லாந்தில் பில் விசென்சினோ குழுவினர் 1996-இல் டென்னிஸ் எல்போ நோயாளிகளின் கழுத்தில், சி5-சி6 மட்டத்தில், மென்மையான பக்கவாட்டு அசைவு (மொபிலைசேஷன்) மட்டும் கொடுத்தார்கள். வலித்தது முழங்கை, கை வைத்தது கழுத்தில், சொடுக்கே கிடையாது. ஆனாலும் முழங்கையில் வலி தாங்கும் அளவு உடனே உயர்ந்தது. நடுமூளையிலிருந்து கீழே இறங்கும் வலித் தடுப்புப் பாதைகள் இதில் பங்கு கொள்கின்றன என்பது அவர்களின் விளக்கம். 51 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையில்தான் போகிறது: கழுத்து வலியில் மேனிபுலேஷனையும் மொபிலைசேஷனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் ஒரே மாதிரியான பலன். நோயாளியின் எதிர்பார்ப்பு, சிகிச்சையாளர் மேல் வைத்த நம்பிக்கை, தொடுதல் ஆகியவையும் சேர்ந்து நரம்பு மண்டலத்தில் வேலை செய்கின்றன என்று ஜோயல் பியலோஸ்கி குழுவினர் 2009-இல் முன்வைத்த மாதிரியை, 'அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா' என்று கோபித்துக்கொள்ளாமல் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உருவாகும் ஓசை அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் கவ்ச்சுக் குழுவினர் 2015-இல் விரல் மூட்டை இழுத்து, எம்ஆர்ஐயில் அதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். ஒலி வந்ததால் குணம் கூடுதலாக வருவதில்லை. ஒலி வரவில்லையே என்று இன்னொருமுறை திருப்பும் பழக்கம் மட்டும் ஆபத்தானது.

சரி, நோயாளிக்கு என்ன பயன்? இரண்டு வாரம் முதல் 12 வாரம் வரை கழுத்து வலி இருந்த 272 பேரை வைத்து கெர்ட் பிரான்ஃபோர்ட் குழுவினர் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களைவிட மேனிபுலேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு வரை நல்ல பலன். கைரோபிராக்டிக் தரப்பு இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது குழு ஒன்று இருந்தது. ஒரு மணி நேர அமர்வுகள் இரண்டில் பயிற்சி கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தவர்கள். அவர்களுக்கும் மேனிபுலேஷன் குழுவுக்கும் முக்கியமான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. நாள்பட்ட வலியில், அதாவது நம் அறைக்கு வருவோரில் பெரும்பாலானோரின் நிலையில், இதே குழுவினர் 191 பேரிடம் முன்பு செய்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது மேனிபுலேஷன் மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சி செய்த இரு குழுக்களுக்கும் வலி குறைவாக இருந்தது.

என் பார்வையில் அந்த 20 நிமிடத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. மேனிபுலேஷனோ மொபிலைசேஷனோ வலியைச் சற்றுத் தணித்துக் கழுத்தின் உணர்வைக் கூர்மையாக்குகிறது என்றால், நோயாளியை அந்த நேரத்தில் காலணி மாட்டி வீட்டுக்கு அனுப்புவது வீண். அப்போதே படுக்கவைத்து, ஆழ்ந்த கழுத்துத் தசைகளை வேலை செய்யவைக்க வேண்டும். க்வென் ஜல் வகுத்த தலையசைப்புச் சோதனையை நம்மில் பலர் கல்லூரியில் படித்ததோடு விட்டுவிட்டோம். கழுத்தின் கீழே அழுத்தப் பையை வைத்து, 20 மி.மீ. பாதரசத்தில் தொடங்கி இரண்டிரண்டாக 30 வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மேல்தசை புடைக்காமல் பிடித்து நிற்கச் சொல்வது. அதையே பயிற்சியாகவும் மாற்றலாம். கழுத்தின் உணர்வை அளக்க ஒரு சிறிய லேசர் விளக்கு போதும். அதைத் தலையில் பட்டையால் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பி மறுபடி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புள்ளி 7 செ.மீ.க்கு மேல் தவறினால் அது 4.5 பாகைப் பிழை; ரெவல் குழுவினர் 1991-இல் வைத்த எல்லைக்கோடு. நரம்பு மண்டலத்தில் விளைவு என்று பேச விரும்புகிறவர்கள் முதலில் இதை அளந்து குறித்து வைக்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

இனி, கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. முதுகெலும்புத் தமனி சி1-சி2 அருகே வளைந்து வளைந்து ஏறுகிறது. தலை முழுதாகத் திரும்பும்போது அங்கேதான் இழுபடும். தமனியின் உட்சுவர் கிழிவது அரிது. ஆனால் நடுவயதைத் தாண்டாதவர்களுக்கும் பக்கவாதம் வரும் காரணங்களில் அது ஒன்று. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒன்பது ஆண்டுகளில் முதுகெலும்புத் தமனி, அடித்தமனிப் பகுதியில் நேர்ந்த 818 பக்கவாதங்களை ஆராய்ந்த காசிடி குழுவினர், 45 வயதுக்குக் கீழே கைரோபிராக்டரிடம் சென்றதற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு கண்டார்கள். குடும்ப மருத்துவரிடம் சென்றதற்கும் அதே தொடர்பு இருந்தது. கிழிந்த தமனியே கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வந்து நின்றிருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்னும் பெரிய கவலை. ஏற்கெனவே கிழிந்த தமனியோடு ஒருவர் நம் மேசையில் படுத்திருக்கலாம் என்பதல்லவா அதன் பொருள்? இதுவரை வராத மாதிரியான கழுத்து வலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், ஒரு கண்ணிமை மட்டும் இறங்கியிருத்தல், நடையில் தள்ளாட்டம் என்று எது இருந்தாலும் அன்றைக்குக் கை வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தமனி மட்டுமல்ல. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது, செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியவில்லை என்று சொல்பவருக்குத் தண்டுவடமே நசுங்கியிருக்கலாம். ஹாஃப்மன் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மேல்கழுத்து மூட்டு தளர்ந்திருக்கலாம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை யாரும் மறக்கக் கூடாது. இரவில் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் படம் எடுக்காமல் தொடக் கூடாது. பின்நீள் தசைநார் எலும்பாக இறுகும் நோய் ஆசியர்களிடம் அதிகம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சிறு தொல்லைகள் அரிதல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தில் 529 பேரைப் பின்தொடர்ந்த ரூபின்ஸ்டீன் ஆய்வில், முதல் மூன்று அமர்வுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் வலி கூடுவது, இறுக்கம், தலைவலி என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். பெரும்பாலானவை லேசானவை, தானே தீர்ந்தவை.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுமையான கைரோபிராக்டிக் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வகுப்பும் அதற்குள் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பதும் வேண்டும் என்கிறது. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவேடோ இல்லை. வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவரும், முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பும் கடைக்காரரும், நாலரை ஆண்டு பிசியோதெரபி படித்தவரும் காணொளியில் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். நாம் வேறானவர்கள் என்பதை ஒலியை வைத்துக் காட்ட முடியாது. பரிசோதனையிலும் பதிவேட்டிலும் பேச்சிலும்தான் அந்த வேறுபாடு தெரியும்.

பேச்சு எப்படி இருக்கலாம்? "உங்க கழுத்துல எலும்பு எதுவும் விலகலை, நரம்பும் பிரளலை. ரொம்ப நாள் வலியால அந்தத் தசைகள் சரியா வேலை செய்யலை. கையால கொஞ்சம் அசைச்சுவிட்டா வலி சித்த நேரம் குறையும். அந்த நேரத்துல பயிற்சி சொல்லித்தர்றேன், அதை நீங்க வீட்டுல செய்யணும். ரெண்டு நாள் வலி கூடலாம். தலை சுத்தினாலோ கை மரத்தாலோ உடனே கூப்பிடுங்க. இன்னைக்கு சொடுக்கு வேண்டாம்னு தோணினாலும் சொல்லுங்க, வேற வழி இருக்கு." ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். சொன்னதையும், அவர் ஒப்புக்கொண்டதையும், லேசர் புள்ளி எத்தனை செ.மீ. தவறியது என்பதையும் அன்றைய பதிவில் எழுதிவிடுங்கள். நான்காவது அமர்விலும் அந்த எண்ணும் அசையாமல், வலியும் குறையாமல் இருந்தால் ஐந்தாவது அமர்வுக்கு நாள் குறிக்க வேண்டாம்; நோயறிதலை மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.